பதினோராவது அங்கி

பத்து அங்கிகளைத் தைத்து மடித்துக் கட்டிலில் அடுக்கியாகிவிட்டது. பதினோராவதற்கு ஒரு கை மட்டும் பாக்கி. அது தைக்கிற தேவகிருபைக்கே. மன்னார்புரத்து ஓட்டுக்கொட்டகைச் சபையிலிருந்து நாளைக் காலை காவேரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிற பதினோரு பேருக்கும் அங்கி தைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. தென்னூரில் இருபது வருஷமாக ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பவள் சபையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? கெட்டி லாங்கிளாத் துணி. பெண்கள் தண்ணீரில் இறங்கும்போது அங்கி மிதந்து மேலே எழும்பக் கூடாதே என்று, வலைக்குக் கோக்கிற ஈயக் குண்டுகளை வாங்கி வந்து கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள். பாஸ்டருக்கே தோன்றாத யோசனை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அவள் புருஷன் பிச்சமுத்து சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் மெஷினுக்கு எதிரே வந்து நின்றார்.

"கோயில் உபதேசியார் வழியிலயே பிடிச்சுக்கிட்டாரு. நாளைக்கு நீ முங்கி எந்திரிச்சா, நாளன்னைக்குக் கோயில் ரிஜிஸ்டர்ல உன் பேரை அடிச்சிருவாங்களாம். பேரு இல்லேன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. நம்ம புள்ள ராசாத்திக்கு வலது பக்கம் உனக்குன்னு விட்டு வச்சிருக்கேனே, அங்க யாரோ வந்து படுப்பாங்க."

தேவகிருபை மெஷினை நிறுத்தவில்லை. "செத்த பெறகு எங்க கெடந்தா என்னங்க. உசுரோட இருக்கறப்பவே மறுபடி பொறக்கணும். எனக்கு அதுதான் வேணும்."

"ஒரு தடவை பொறந்து நீ படுத்துற பாடு பத்தாதா?" என்றார் பிச்சமுத்து. சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே போய்த் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் பிடிவாதம் தென்னூருக்கே தெரிந்தது. பிடித்தால் உடும்புப் பிடி. தாத்தா காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட வேதக்கோயிலை விட்டுவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஓட்டுக்கொட்டகைக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் ஒரு மாதம் வந்து வந்து பேசிப் பார்த்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்றே, அது போதாதா என்றார்கள். "அது எங்கப்பா எனக்காக எடுத்த முடிவு. இது நான் எடுக்கறது" என்று காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஆடி மாதத்துக் கூட்டம் ஒன்றில்தான் அந்தப் பேச்சைக் கேட்டாள். வேதத்தில் வருகிற, தலை நரைத்த படித்தவர் ஒருவர், நாலு பேர் பார்க்காத நேரமாக ஆண்டவரிடம் வந்து, வயசான மனுஷன் திரும்பவும் தாய் வயிற்றுக்குள் போய்ப் பிறக்க முடியுமா என்று கேட்டாராம். பாஸ்டர் அதைச் சொன்னபோது கொட்டகையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. தேவகிருபைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெற்றது ஒன்றே ஒன்று. ஒன்றரை நாள் வலி. இனி முடியாது, நிறுத்திவிடுங்கள் என்று அவள் கதறியபோது, பிரசவ வார்டு நர்ஸ் அவள் முட்டியைத் தட்டி, "தலை வந்தாச்சும்மா. இதுக்கு மேல உன் இஷ்டமும் இல்ல, புள்ள இஷ்டமும் இல்ல. வந்துதான் ஆகணும்" என்றாள். பிறப்பது என்றால் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உடம்பை உள்ளேயே வைத்துக்கொள்ள எந்தப் பிள்ளையாலும் முடியாது.

வியாழக்கிழமைதான் தப்பு நடந்தது. ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்தவர்களை பாஸ்டர் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அதிகம் பேச மாட்டார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "யார்கிட்டயாவது போய்ச் சரிபண்ண வேண்டியது ஏதாச்சும் பாக்கி இருக்காம்மா?"

"இல்லை ஐயா" என்றாள் தேவகிருபை, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

அவர் தலையசைத்து நோட்டில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பத்துப் பேருடைய அங்கியையும் இரண்டே நாளில் முடித்தவளுக்குத் தன் அங்கி மட்டும் ஓடவில்லை. நூல் அறுந்தது. ஊசி ஒடிந்தது. வெட்டி வைத்த கையையே ஒரு முறை மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கே தெரியும். மறுபடி பிறக்கப் போன இடத்திலேயே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், துணி எப்படி ஓடும்?

பாக்கி இருந்தது. பத்து வருஷத்துப் பாக்கி. அதன் பேர் நஜ்முன்னிசா.

ஐம்பத்தேழாம் வருஷத்தில் நோன்பும் ஈஸ்டரும் ஒரே மாதத்தில் வந்தன. ராசாத்திக்கு ஆறு வயது. கோயில் ரிஜிஸ்டரில் எஸ்தர். டைபாய்டு வந்து பத்தொன்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. கெட்டியாக எதையும் கொடுக்கக் கூடாது, குடல் புண்ணாக இருக்கிறது, கொடுத்தால் ஓட்டை விழுந்துவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அடுத்த வீட்டு நஜ்முன்னிசா தினமும் சாயங்காலம் நோன்புக்கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். புதன்கிழமையன்று பிள்ளை கைநீட்டிக் கேட்டபோது, "மேல தண்ணிதானே நஜ்மா, ரெண்டு ஸ்பூன் குடு" என்று சொன்னதே தேவகிருபைதான். பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. வியாழன், வெள்ளி, சனி, நன்றாகத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கென்று பிச்சமுத்து காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு பலாப்பழம் தூக்கி வந்தார். அறுத்ததும் வீடு முழுக்க வாசனை. மறைக்க முடிகிற வாசனையா அது? பத்தொன்பது நாள் பார்லித் தண்ணீர் குடித்த பிள்ளை அழுத அழுகையை எந்தத் தாயும் தாங்க மாட்டாள். அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரே ஒரு சுளையைக் கொட்டை நீக்கிக் கொடுத்தாள். பிள்ளை அதைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அன்று இரவே வயிறு கல்லாயிற்று. திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள்.

"என்னத்தைக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பிச்சமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாய் "நோன்புக்கஞ்சி" என்றது. யோசித்துச் சொன்னதில்லை; ஆனால் சொன்ன பிறகு யோசிக்கப் பத்து வருஷம் இருந்தது, ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. பிச்சமுத்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, அவர் வாயில் அதற்கு முன்னும் பின்னும் வராத வார்த்தைகளால் கத்தினார். நஜ்முன்னிசாவின் புருஷன் சேக் மைதீன், பெரிய கடைவீதியில் குடை ரிப்பேர் செய்கிறவர், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தெருவில் யாரும் அந்த வீட்டுக் கஞ்சியை வாங்கவில்லை. இரண்டே மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

பிள்ளையைக் கொன்றது எது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் பொய் யாருடையது என்பது தேவகிருபைக்குத் தெரியும்.

அவள் மெஷினிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தாள். தலை வந்தாச்சு, வந்துதான் ஆகணும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிச்சமுத்து சாப்பிட்டுக் கைகழுவி வரும்வரை காத்திருந்து, அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார் என்று பயம்.

அவர் பக்கத்தில் அடுக்கியிருந்த அங்கிகளை ஒதுக்கி வைத்தார். பிறகு கேட்டார்: "நான் வாங்கியாந்த பழமா?"

இல்லை என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. இத்தனை வருஷம் மூடி வைத்ததில் பாதி உங்களுக்காகத்தான் என்று சொல்லலாம். அதிலும் பாதி பொய் இருக்கும்.

"ஆமாங்க. நீங்க வாங்கியாந்தது. நான் குடுத்தது."

அவர் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை இன்றைக்கு இல்லை என்று தோன்றியது. வெயில் தாழ்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காய மண்டிகளைத் தாண்டி மூன்றாவது சந்து. விலாசம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாளும் அது தெரியாமல் இருந்ததில்லை. ஒரு தடவை மார்க்கெட்டில் நஜ்முன்னிசா எதிரே வந்தபோது, மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அவள் போகும்வரை நின்றவள்தான் தேவகிருபை.

நோன்பு திறக்க இன்னும் சிறிது நேரம் இருந்தது. நஜ்முன்னிசா கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். முன்னால் ஒரு தட்டில் பேரீச்சம்பழம், ஒரு சொம்பில் தண்ணீர். மூன்று வயதுப் பேத்தி தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவளிடம் நீட்டி, வாயைத் திறந்து காட்டியது. நஜ்முன்னிசா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஹாஜிரா, உங்கம்மாகிட்டப் போ. அம்மா ஊட்டும்." பிள்ளை போகாமல் அங்கேயே நின்றது.

பிறகுதான் வாசலில் நின்றவளைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "அக்கா" என்று எழுந்தாள். "வாங்க. உள்ள வாங்க. ஒவ்வொரு நோன்புக்கும் நெனப்பேன், உங்க வீட்டு வாசல்ல வந்து விழுந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு. தைரியம் வரல. அந்த ரெண்டு ஸ்பூனை நான் குடுத்திருக்கவே கூடாது. அதுக்கப்புறம் இந்தக் கையால ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல, அக்கா. என் பேத்திக்குக்கூட..."

தேவகிருபை வாசற்படியைத் தாண்டவில்லை. திட்டுவாள், கதவைச் சாத்துவாள், துப்பினாலும் துப்புவாள் என்றெல்லாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். தன் பொய்யை இவள் நம்பியிருப்பாள் என்று மட்டும் நினைக்கவில்லை.

"நிறுத்து நஜ்மா. நீ கேக்காத. உன் கஞ்சி ஒண்ணும் பண்ணல. புதன்கிழமை நீ குடுத்த. சனிக்கிழமை வரைக்கும் எம்புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான்தான் பலாச்சுளை குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. டாக்டர் கேட்டப்ப உன் கஞ்சின்னு சொன்னேன். தெரிஞ்சே பொய் சொன்னேன்."

நஜ்முன்னிசா நின்றபடியே இருந்தாள். முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"மத்தியானம் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனாரு. இன்னும் வரல."

"பத்து வருசம்" என்றாள் நஜ்முன்னிசா. அக்கா என்ற சொல் அதோடு போயிற்று. "எம்மவன் கல்யாணத்துல ஊரே விருந்து சாப்பிட்டுச்சு, நான் ஒரு கரண்டியைத் தொடல. நான் செஞ்ச பாவம்னு அழுது அழுது தொழுதிருக்கேன். இப்ப வந்து நிக்கிறீங்க. மன்னிச்சிட்டேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. நோன்போட இருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க வரல நஜ்மா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நாளைக்குக் காலையில ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடி, அத்தனை பேர் முன்னாலயும் சொல்லப்போறேன். எறங்காதேன்னு பாஸ்டர் சொன்னாலும் சரி. தென்னூர்லயும் வீடு வீடாச் சொல்லுவேன்."

"சொல்லுங்க" என்றாள் நஜ்முன்னிசா. "இப்பப் போங்க."

தேவகிருபை படியிறங்கினாள். மன்னிப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் புருஷன் இருப்பாரா தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ராசாத்திக்குப் பக்கத்து இடம் போனது போனதுதான். நாளைக்குத் தண்ணீரில் இறக்குவார்களா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனாலும் நடை தளரவில்லை. வீட்டுக்குப் போய் அந்த இன்னொரு கையைத் தைத்துவிட வேண்டும் என்று மட்டும் உறுதியாக நினைத்தாள். இனிமேல் அது ஓடும்.

அந்த வாசலுக்கு நேர் எதிரே இருந்த சந்து முனைக்கு வந்தபோது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனாலும் பார்த்துவிட்டாள். கதவு சாத்தப்படவில்லை. நஜ்முன்னிசா பாயில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். பிட்டுக் கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் வைத்தாள். மறு பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த கை மடியிலேயே நின்றது. அந்தக் கை மெல்ல நீண்டது. ஹாஜிரா எட்டி அதை வாயில் வாங்கிக்கொண்டாள். மென்று முடிப்பதற்குள்ளாகவே, இன்னொன்றுக்காகத் திரும்பவும் வாயைத் திறந்து காட்டினாள்.