சட்டைக் கையில் ஒரு மடிப்பு

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. படத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார், நீலச் சட்டையில். காட்டில் ஒன்பது நாள் தொலைந்துபோய் உயிரோடு வந்தவர். நான் சோபாவில் படுத்துக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்த கையோடு நாலு வார்த்தை எழுதிப் போட்டேன். என் மூன்று புத்தகங்களுக்கும் சேர்த்து வராத வாசகர்கள் அந்த நாலு வார்த்தைக்கு ஒரே நாளில் வந்தார்கள்.

[என்ன வார்த்தை என்பதைப் பிறகு சொல்கிறேன். இது கதை சொல்கிறவனின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.]

2

முதல் தொடக்கம்: ‘காடு அவரை ஒன்பது நாள் மென்று, பத்தாம் நாள் துப்பியது.’ அடித்துவிட்டேன். தொட்டிச் செடியைக்கூடப் பட்டுப்போக விட்டவனுக்குக் காட்டைப் பற்றி என்ன பேச்சு?

இரண்டாம் தொடக்கம்: ‘ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கீழே விழுவது புதிதல்ல, ஏனென்றால் —’ [புதிதுதான். விழுந்திருந்தால் மெக்கானிக்காக மிஞ்சியிருக்க மாட்டார். மடத்தனமான வரி.]

சரி, சலவைக்கடையில் தொடங்குகிறேன். அங்கேயாவது நான் போயிருக்கிறேன்.

அந்தக் கடையில் கறை எடுப்பது படத்தில் இருந்தவருடைய மனைவியின் வேலை. துணி வந்தால் முதலில் பைகளைத் துழாவி, உள்பக்கம் வெளியே இழுத்து உதறுவாள். இரத்தக் கறையென்றால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். சேறென்றால் அவசரப்படக் கூடாது, காயவிட்டுத் தட்டி எடுக்க வேண்டும். பதினான்கு வருடம் இதையே செய்த கை. யார் வீட்டுக்குப் போனாலும் மேசைவிரிப்பில் கறை இருக்கிறதா என்றுதான் கண் முதலில் போகும்.

கணவர் வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் நிற்பவர். விடுமுறை வந்தால் தனியாக மலையேறப் போய்விடுவார். “ஆறு நாள் குழிக்குள்ள கிடக்குறேன். ஒரு நாளாவது வானத்தப் பாக்க விடேன்” என்பார். அவளும் விட்டுவிட்டாள். அப்படிப் போன ஒரு நாள் பள்ளத்தில் சரிந்தார். முழங்கால் பிசகியது, போன் ஓடையில் போனது. இருநூறு பேர் ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பத்தாம் நாள் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கப் போன இரண்டு பேர், ஊர்ந்துகொண்டிருந்தவரைப் பார்த்தார்கள்.

இருநூறு பேர் தேடினார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அவள் கையில் கொடுத்தாள். உள்ளே அந்தச் சட்டை. ஓடையை விட்டு ஊர்ந்து விலகிய பிறகு, ஆறாம் நாள் பெய்த மழையில் அதை நனைத்து, வாயில் பிழிந்து குடித்துத்தான் பிழைத்தேன் என்று கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னார். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

இஸ்திரி போடுகிறவரை எல்லோரும் பெட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்றம் தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“தங்கச்சி, இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தூக்கிப் போடும்மா.”

“மனசு வரலண்ணே. ஒம்போது நாளும் அவரு கூட இருந்தது இது ஒண்ணுதான்.”

சேற்றைக் காயவைத்தாள். இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். மூன்று தடவை அலசினாள். இடது தோளில் கிழிந்திருந்ததை அதே நிற நூலால் தைத்தாள். பெட்டி அண்ணனை நகரச் சொல்லிவிட்டுத் தானே இஸ்திரி போட்டாள். சட்டைக் கையில் நேர்கோடாக ஒரு மடிப்பு விழுந்தது. அவளுக்கு அன்பு காட்ட அதைவிட வேறு வழி தெரியாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாலாம் நாள் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் கேமராக்கள் நின்றன.

4

என் நாலு வார்த்தை: ‘காட்டில் இஸ்திரிக்கடை எந்தப் பக்கம்?’

சிரிப்பு வந்ததா? எனக்கும் வந்தது. அதற்கப்புறம் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான். எட்டு கிலோதானே இளைத்திருக்கிறான்? படத்தில் பல் தெரியச் சிரிக்கிறானே? கண் காது மூக்கு வைத்து ஆளாளுக்கு எழுதினார்கள். அவள் ஒரு நிருபரிடம் போய், “சட்டைய நான்தாங்க துவைச்சேன், அது என் வேலைங்க” என்று சொன்னாள். மறுநாள் தலைப்பு: ‘தடயத்தை அழித்தது மனைவியே.’

லிஃப்ட் கம்பெனியில் அவரைக் கொஞ்ச நாள் ஓய்வில் இருக்கச் சொன்னார்கள். வேலைக்கு வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அவர் வழக்கமாகப் பழுதுபார்க்கும் கட்டடத்தில் ஒரு அம்மாள், “பொய் சொல்ற ஆளு தொட்ட லிஃப்ட்ல நான் எப்படி ஏறுறது?” என்று கேட்டுவிட்டு, நாலு மாடியும் மூச்சு வாங்கப் படியேறினாராம்.

5

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது பொய் என்று வைத்துக்கொண்டும் இந்தக் கதையை எழுதிப் பார்த்தேன். ஒரு லாட்ஜ் அறை, ஒரு பழைய சிநேகிதி, போர்வைக்குள் ஒளித்துவைத்த போன்... பேனா தானாக ஓடியது. பொய்க்குக் கதை இருக்கிறது. உண்மைக்கு வெறும் சேறும் முழங்கால் வலியும்தான். ஐந்து பக்கம் எழுதிக் கிழித்தேன். கிழிக்கும்போது மனசு கேட்கவில்லை, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அவர் வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து, இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை.

“என்னங்க, ஆறாம் நாளு மழைன்னீங்களே. இங்க அன்னிக்கு ஒரு தூறல்கூட இல்லையே?”

அவர் தட்டிலேயே கை கழுவினார்.

“திரும்பப் போறேன்” என்றார். “அதே பள்ளம். படம் புடிச்சிட்டு வர்றேன்.”

“முட்டியே இன்னும் மடங்கல. யாருக்குக் காட்டப் போறீங்க? ஊர்க்காரங்க கிடக்குறாங்க, விடுங்க.”

“ஊருக்கு இல்ல. உனக்கு.”

பிறகு சலவைக்கடையில் இதை என்னிடம் சொன்னபோது அவள் ஒரு காலரைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். கேட்டதை அள்ளி விழுங்கிவிட முடியாதா என்று இருந்ததாம்.

கிளம்பும் காலையில் அவர் அதே நீலச் சட்டையைக் கேட்டார். அவள் கை பழக்கத்தில் இஸ்திரிப் பெட்டிக்குப் போனது.

“அது வேணாம்” என்று வாங்கி, கசக்கிப் போட்டுக்கொண்டார். “நாலு நாளு. அஞ்சாம் நாளு காலையில டீ போட்டு வை.”

6

போட்டு வைத்தாள். ஆறிப்போனது.

காவல் நிலையத்தில், “வந்துருவாரும்மா. போன தடவையும் வந்தாரில்ல?” என்றார்கள். இந்தத் தடவை இருநூறு பேர் இல்லை. பெட்டி அண்ணனும் குழாய்க்காரர்கள் இரண்டு பேரும்தான் போய்ப் பார்த்தார்கள். பள்ளத்தில் இறங்கக் கயிறு போதவில்லை, திரும்பிவிட்டார்கள்.

அவர் கிளம்பிய ஏழாம் நாள், சலவைக்குப் போட்ட கோட்டைத் திரும்ப வாங்க நான் கடைக்குப் போனேன். என் பைகளில் எப்போதும் கசங்கிய காகிதம் இருக்கும். அவள் அவற்றை நீவி, ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக எடுத்துவைப்பாள். நான் எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான். அன்றைக்குத்தான் இதையெல்லாம் சொன்னாள்.

“சார், ஒரு நாலு வரி எழுதிப் போடுங்க. காணலன்னு. நான் சொன்னா நடிக்கிறேங்குறாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க.”

“போடுறேம்மா” என்றேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ‘காடு அவரை ஒன்பது நாள் மென்று’ என்று எழுதினேன். ஆமாம், அன்றைக்குத்தான். அவள் கேட்டது நாலு வரி. நான் தொடக்கம் சரியாக வரவில்லை என்று மூன்று நாள் அடித்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் அந்த நாலு வரியைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் முதல் பதில் வந்தது. யாரோ ஒருவர், எழுத்துப் பிசகாமல்: ‘காட்டில் இஸ்திரிக்கடை எந்தப் பக்கம்?’ அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகள். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

7

முடிவுகள்.

(அ) அவர் போன் நிறையப் படங்களோடு வருகிறார். படங்கள் போலி என்கிறார்கள்.

(ஆ) குழாய்க்காரர்கள் நீளமான கயிற்றோடு திரும்பப் போகிறார்கள். பள்ளத்தில் — [எழுத மாட்டேன்.]

(இ) நான் அவளிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். அவள் என் சட்டையை மடித்து, ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுக்கிறாள். [இது எனக்குப் பிடித்த முடிவு. எனக்கு மட்டுமே உதவுகிற முடிவு. அடித்துவிட்டேன்.]

இன்று பதினோராம் நாள். காலையில் கடைக்குப் போனேன். அவள் போனில் அந்தப் பதிலைத் திறந்து வைத்திருந்தாள்.

“இத முதல்ல யாரு சார் எழுதினது? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

“தெரியலைம்மா” என்றேன்.

இந்தக் கதையில் யாராவது பொய் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தவர்களுக்கு, இதோ, நான் சொல்லிவிட்டேன்.

முடிவு என் கையில் இல்லை. நீங்கள் இதைப் படித்துவிட்டு ‘நல்ல கதை’ என்று நகர்ந்தால் ஒரு முடிவு. எழுந்து செருப்பை மாட்டினால் வேறு முடிவு. கீழே இருப்பது அவள் சொன்ன நாலு வரி.

காணவில்லை. வயது நாற்பத்து மூன்று, மாநிறம், வலது காலைச் சாய்த்து நடப்பார்.
குழாய்ப் பாதைக்கு மேலே உள்ள பள்ளத்தின் பக்கம் போனார்.
நீலச் சட்டை. இடது தோளில் அதே நிற நூலால் தைத்திருக்கும்.
பார்த்தவர்கள் சலவைக்கடையில் சொல்லவும்.

கடையிலிருந்து நான் கிளம்பும்போது அவள் பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

“சார், இன்னொரு வரியும் சேத்துப் போடுங்க. சட்ட இஸ்திரி போடாததுன்னு.”