ஆயுத பூஜை ஸ்குவாஷ்

பெங்களூரு பொம்மசந்திராவில் இருக்கும் அந்த ஸ்குவாஷ் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு ஸ்குவாஷ் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் இரண்டு. ஏன் இரண்டு என்பது லேபில் வேலை பார்த்த இளவேனிலுக்குத் தெரியும்.

பூஜைக்கு மெஷின்களைக் கழுவும் அவசரத்தில் காலை ஷிப்ட்காரன் பாதியிலேயே போய்விட்டான். கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் பவுடரை அவன் போட்டிருக்க மாட்டான் என்று நினைத்து, அடுத்து வந்தவன் இன்னொரு பங்கு கொட்டினான். மூடியைத் திறந்தால் தீக்குச்சி கிழித்த நெடி. சோதித்தால் அனுமதித்த அளவைப்போல இரண்டு மடங்கு.

கடைக்கு அனுப்பக்கூடாது என்று இளவேனில் மேனேஜர் கஸ்தூரிரங்கனிடம் போய்ச் சொன்னாள். கடைக்கு வேண்டாம்மா, நம்ம ஜனங்களுக்கே கொடுத்துடலாம் என்றார் அவர். இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சை அடைக்குமே என்றதற்கு, டெஸ்ட் பண்ணதோட உன் வேலை முடிஞ்சுது என்றார். அவள் குடும்பத்திலேயே முதல் டிகிரி அவளுடையது. ஈஜிபுரா வீட்டில் உலை கொதிப்பதும் அதை வைத்துத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பூஜையன்று சாயங்காலம் கம்பெனி வேனில் பெண்களின் மடியெல்லாம் பொரிப் பொட்டலமும் பாட்டிலும். பாட்டில் கழுவும் சரசு, வீசிங்கில் அவதிப்படும் மகனுக்கு இன்றைக்காவது வாய்க்கு ருசியாகக் கலந்து கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இளவேனிலுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "பையனுக்கு அதக் குடுக்காதக்கா," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எங்க மாமியாருக்குக் குடுக்கலாமா?" என்றாள் ருக்மிணி. நாலு பேர் சிரித்தார்கள். சரசு சிரிக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து."

"ஏன் வாயத் தொறக்கல?"

"வேலை போயிடும்னுதான்."

சரசு அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. டிரைவர் டென்சிலிடம் சொல்லி வேனை ஓரங்கட்ட வைத்து, இறங்கி, இரண்டு பாட்டிலையும் சாக்கடையில் கவிழ்த்தாள். எண்ணெய்க்கு ஆகும் என்று காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக இறங்கிக் கொட்டினார்கள். ருக்மிணி கடைசியாக, மனசில்லாமல்.

"லீவு முடிஞ்சு போனா மேனேஜர் கேப்பான். யார் சொல்லிக் கொட்டினோம்னு சொல்றது?" என்றாள் ஏறும்போதே.

"நான்தான்னு சொல்லு," என்றாள் இளவேனில். "எப்படியும் டிரைவர் அண்ணனே சொல்லிடுவாரு."

டென்சில் மறுக்கவில்லை. வேனைக் கிளப்பினான். அடுத்து வேலை கேட்டுப் போகும் லேபில் பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கி, அதற்கும் தெம்பில்லாமல், இளவேனில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.