மொர்வென்னா நம்பாத படம்

சர்ஜன் மொர்வென்னாவுக்கு கோரனைக் கண்டாலே ஆகாது. படம் காட்டும் அந்தக் கருவியோடு கம்பெனி அனுப்பிவைத்த இன்ஜினீயர் அவன். முன்பே எடுத்த ஸ்கேனை வைத்து கம்ப்யூட்டர் ஒரு சிறுநீரகத்தை வரையும்; ஆபரேஷன் நேரத்தில், கேமராவில் தெரியும் நிஜச் சிறுநீரகத்தின்மேல் அதைப் போர்த்திக் காட்டும். உள்ளே புதைந்திருக்கும் கட்டி பச்சையாகத் தெரியும்.

"விக்க வந்தவன் பொருள்ல குறை இருக்குன்னு வாயத் திறப்பானா, நோரீன்?" என்று என்னிடம் கேட்பாள். அவள் மூலையில் உட்கார்ந்து, கேமரா படம் தெரியும் பெட்டிக்குள் முகம் புதைத்து ரோபோவின் கைகளை இயக்குவாள். நர்ஸான நான் நோயாளி பக்கத்தில் நின்று கருவிகளை மாற்றுவேன். கோரன் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான்.

அன்றைக்கு ஆபரேஷன் மேசையில் ரெக்ஸ் லின்ட்னர். பரோசா பள்ளத்தாக்கில் ஒயினுக்கான திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். படத்தை முதலில் பார்த்தபோது, "இது என்னோடதுதானா? இவ்ளோ அழகா எங்கிட்ட எதுவுமே கிடையாதே!" என்று சிரித்தவர்.

கொழுப்பை விலக்கியதும் சிறுநீரகம் வெளியே தெரிந்தது. கட்டி மேலாக எங்கும் தெரியவில்லை. பச்சை வட்டம் மட்டும் மினுங்கியது. வெட்டவேண்டிய கோட்டைக் குறிக்க மொர்வென்னா கருவியை நீட்டினாள். அப்போது வட்டம் லேசாகக் கீழே இறங்கியது.

ரோபோவின் கைகள் அப்படியே நின்றன.

"கோரன், படத்தத் தொட்டியா?"

"இல்லையே."

"அப்போ எப்படி நகர்ந்துச்சு?"

"அது... அப்பப்போ தானா சரிபண்ணிக்கும்."

"நோரீன், அவன் கை எங்க இருந்துச்சு?"

"மவுஸ் மேல. அவன் நகர்த்துனத நான் பாத்தேன்" என்றேன்.

கோரன் என்னைப் பார்க்கவில்லை. மொர்வென்னா திட்டவும் இல்லை. அல்ட்ராசவுண்ட் கேட்டாள். அதன் சின்ன முனையை வயிற்றில் போட்ட துளை வழியே உள்ளே இறக்கினேன். ரோபோவின் விரல் அதைப் பிடித்து, சிறுநீரகத்தின்மேல் மெதுவாக நகர்த்தியது. கட்டி கிடைத்தது. வட்டம் இப்போது நின்ற இடத்திலேயே. பழைய இடத்தை நம்பியிருந்தால் கத்தி கட்டிக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

"சரியாத்தான் நகர்த்தியிருக்க, எங்கிட்ட சொல்லாம. அதான் இன்னும் பயமா இருக்கு" என்றாள்.

கட்டி முழுசாக வெளியே வந்தது.

காபி மேசையில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பொய் சொன்ன?"

"ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, வயித்துக்குள்ள காத்து ஏத்துனதும் சிறுநீரகம் இடம் மாறிடுச்சு. படம் தப்பா இருக்குன்னு சொன்னா அணைக்கச் சொல்வீங்க. வந்த நாள்லேர்ந்து அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கீங்க?"

"அணைக்கத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா என் கைக்குக் கீழ இருக்கிறது ஒரு மனுஷன் உடம்பு. என் கண்ணுக்குத் தெரியாம எதுவும் நகரக்கூடாது."

நடந்ததை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அவளே சொன்னாள். ரெக்ஸிடமும் ஒளிக்கவில்லை. அவர் தையலைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் யாருக்கு ஒயின் அனுப்பணும்? உங்களுக்கா, அந்தப் பொய்க்காரனுக்கா?" என்று கேட்டார்.

கோரனை நீக்குவார்கள் என்று நினைத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். அடுத்த ஆபரேஷனில் அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"படத்த இடது பக்கம் நகர்த்துறேன்."

"எவ்ளோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"மூணு மில்லிமீட்டர்."

"ம்" என்றாள் மொர்வென்னா. "நோரீன், அல்ட்ராசவுண்ட் குடு."