நாலாவது ஸ்குரூ

...மூன்று கழன்றுவிட்டன, இந்த நாலாவது ஸ்குரூ மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது, குளியலறைத் தாழ்ப்பாள் ஒன்றைக் கழற்ற இத்தனை பாடா, அவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் முடித்தாக வேண்டும், கேட்டால் என்ன சொல்வது, துருப்பிடித்துவிட்டது என்றா... போன வாரம் உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்து கிடந்தாரே, இருபது நிமிஷம், கதவைத் தட்டித் தட்டி இவள் கை வீங்கி... இன்னொரு தடவை தாங்க முடியாது, சத்தியமாக முடியாது. ஆனால் "இனிமே தாழ்ப்பாள் போடாதீங்க" என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, யாரிடமும் ஒரு கை கொடு என்று கேட்டறியாத ரோஷக்காரர், சொன்னால் ஒரு வாய்ச் சோறு இறங்காது. அழுத்தித் திருகினாள், வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அட சனியனே!

கையிலிருந்த ஸ்டார் டிரைவரைத் திருப்பிப் பார்த்தாள், ஒண்ணாம் நம்பர், முனை சின்னது, அதுதான் சங்கதி. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தி இதுகூடத் தெரியாதா? "ஒண்ணாம் நம்பர் பெரிய பள்ளத்துல போகும், ஆனா ஆடும். ஆடினா மண்டை போச்சு," என்று எத்தனை தடவை கத்தியிருப்பார், கல்யாணமான புதிதில் ஒரு நாற்காலி ஸ்குரூவை இவள் வழுக்கவிட்டதற்கு மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை, இவளும் சளைக்கவில்லை, "நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, ஸ்குரூவையா?" என்று கேட்டே விட்டாள்... இரண்டாம் நம்பரை எடுத்து, முனைக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேண்டை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டுத் திருக, அப்பாடா, அசைந்தது, வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் முழுக்கச் சிதைந்து வட்டமாகியிருந்தது. இவள் வழுக்கவிட்டது இரண்டே தடவை, அதற்குள் இவ்வளவா? யோசித்தால், மற்ற மூன்றும் விரலுக்கே கழன்றனவே, யாரோ முன்பே தளர்த்தி வைத்ததுபோல... ஒண்ணாம் நம்பரும் அதன் உறையில் இல்லாமல் பெட்டியின் மேலேயே கிடந்தது, அதனால்தானே முதலில் கைக்கு வந்தது... வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவரா? இவளுக்குச் சொல்லாமல், அந்த நடுங்கும் கையோடு, கண்ணுக்கு நம்பர்கூடத் தெரியாமல் எடுத்து...

"வந்துடுச்சா?" என்றது படுக்கையறையிலிருந்து குரல். எது என்று கேட்கவில்லை.

"வந்துடுச்சுங்க."

"எத்தனாம் நம்பர் போட்டே?"

கையிலிருந்த இரண்டாம் நம்பரைப் பார்த்தாள், வழுக்கவிட்ட பழி இவள் மேலேயே இருக்கட்டும், "ஒண்ணுதாங்க," என்றாள். "ம்... சரி," என்றார், ஒண்ணாம் நம்பருக்கு அது வந்திருக்காதென்று அவருக்குத் தெரியாதா என்ன, முப்பது வருஷம்... தெரிந்துதான் சரி என்றாரா?