பேர் கூப்பிட்டால் எழ வேண்டும்

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிக்கேல் சாருக்கு வைத்திருந்த பட்டப்பேர் ‘காளைச் சார்’. அது அவருக்கும் தெரியும். வெளியே முறைப்பாரே தவிர உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். திண்டுக்கல் பக்கம் அந்தோணியார் திருவிழாவில் வாடிவாசல் முன்னால் நின்று, சீறி வருகிற காளையின் திமிலைக் கட்டிப்பிடித்து அண்டாவும் சைக்கிளும் ஜெயித்த ஆள் அல்லவா! கடைசியில் ஒரு கொம்பு தொடையைக் கிழித்தது. இனி மாட்டைத் தொடமாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டு, இங்கே தேயிலை வேலை பார்த்த மாமனிடம் மலையேற்றிவிட்டாள். வந்த இடத்தில் படித்து வாத்தியாரானார்.

மாட்டை விட்டாலும் மாட்டுக் கதையை விடவில்லை. தேயிலைக்குள் காட்டுமாடு மேய்கிற ஊர் என்பதால் பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்பார்கள். “விழுந்துட்டா எந்திரிக்கப்படாது. பிடரியக் கையால மூடிக்கிட்டு, செத்த பொணம் கணக்கா கெடக்கணும். மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும்” என்பார்.

அவர் வகுப்பில் இன்னொரு சட்டமும் உண்டு. பேர் கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்து, கைகட்டி, ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். அவர் மகள் பின்சியும் அதே நாலாம் வகுப்புதான். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்று அவளிடம் ஒருபடி கூடுதல் கறார். எழுவதற்குச் சற்றுத் தாமதித்தாலும் பாடம் முடியும்வரை நிற்க வைத்துவிடுவார். பாவம், அவள் தூக்கத்தில் பேர் கேட்டாலும் எழுந்து நிற்கிற பிள்ளையாகிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை, கொழுந்து பறிக்கப் போன அம்மா புஷ்பமேரிக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள் பின்சி. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் தங்கதுரை மூச்சிரைக்க ஓடிவந்து மிக்கேலைக் கூட்டிக்கொண்டு போனார். பாதை வளைவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே பின்சி குப்புறக் கிடந்தாள். பிடரியைக் கைகள் மூடியிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் ஒற்றைக் காட்டுமாடு. மேலே பாதையில் பெண்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். புஷ்பமேரி சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தாள்.

தங்கதுரை மிக்கேலின் கையைப் பிடித்து, “சத்தம் காட்டிராதீங்க சார். புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஓடுறப்ப விழுந்துட்டு. சொல்லிக்குடுத்த மாதிரியே கெடக்கு. மாடு போயிரும்” என்றார்.

எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். பத்து ஊர்க் காளைகளுக்கு முன்னால் பயப்படாதவர்தான். ஆனால் அன்றைக்கெல்லாம் கொம்புக்கு முன்னால் நின்றது அவர் உடம்பு. போகத் திரும்பிய மாடு மறுபடி குனிந்து பின்சியின் தலைமுடியை முகர்ந்தது. அவருக்குப் புத்தி அற்றுப்போனது.

“பின்சி!”

அவள் எழுந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மாடு மிரண்டது. ஒரே முட்டு. மிக்கேல் பாய்ந்து இறங்கியபோது மாடு ஓடைக்குள் இறங்கிப் போயிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெடுகிறது.

ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடந்த பின்சி நாலு நாளாகியும் கண் திறக்கவில்லை. புஷ்பமேரி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ட்ரிப்ஸ் மாற்ற வந்த மலையாளத்து நர்ஸ் லிஜிக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது.

“சாரே, இப்படி மிண்டாம, பேசாம இருந்தா எப்படி? பேரு சொல்லி விளிங்க. அப்பன் சத்தம் கேட்டா முழிக்கும்.”

மிக்கேல் புஷ்பமேரியைப் பார்த்தார்.

“கூப்பிடுங்க” என்றாள் புஷ்பமேரி. “அன்னைக்குக் கூப்பிட்டீங்கல்ல.”

கூப்பிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வகுப்பில் கூப்பிடுகிற குரலில், பிறகு அழுகையோடு. வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். பின்சி எழவில்லை.