வாயால் சொல்லாத பெயர்

மைவோன் கறுப்புக் கோட்டின் முதுகைக் கத்தரிக்கோலால் நடுவே வெட்டினாள். மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. அதற்குப் பிறகு புருஷன் எர்வேயின் வயிறு தன் போக்கில் வளர்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் பொத்தான் துளைக்கு எட்டவில்லை. பின்பக்கத்தை வெட்டிவிட்டால் முன்பக்கம் ஒழுங்காக மூடும். செத்தவரின் முதுகை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"வெண்ணெயைக் குறைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே," என்றாள். "இவரு ரொட்டி மேல வெண்ணெய் தடவுற ஆளா? வெண்ணெய் மேல ரொட்டியை ஒட்டவெச்சுத் திங்கிற ஆளு."

"இப்போ திட்டி என்னடி ஆகப்போகுது? தோளைத் தூக்கு, சட்டைக் கையை நான் இழுக்கிறேன்," என்றாள் பக்கத்து வீட்டு லெயோனி.

காலையில் கோழிகளைத் திறந்துவிடப் போனவர் திரும்பி வந்து, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பிலிருந்து காபியை இறக்கி ஊற்றிவிட்டு மைவோன் திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வலியே இருந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊற்றிய காபி இன்னும் மேஜையிலேயே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட யாருக்கும் கை வரவில்லை.

மகள் நோல்வென் மதியம் பிரெஸ்டிலிருந்து காரில் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். எதையோ கேட்க வந்து கேட்காமல் நிற்கிறாள் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

"என்ன?"

"அடக்கத்துக்கு ஏற்பாடு பண்றவர் கேட்கிறாரும்மா. கல்லுல என்ன வெட்டணும்னு."

"உங்கப்பா பேரு. பொறந்த வருஷம், போன வருஷம். வேற என்ன இருக்கு?"

"கீழே தம்பி பேரையும் போட்டுடலாமான்னு..."

பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மைவோனின் கை நின்றது. லெயோனி சன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்."

"அவனுக்குன்னு எங்கேயும் ஒரு எழுத்துகூட இல்லைம்மா. கோயில் சுவர்ல கடலோட போனவங்க பேரெல்லாம் இருக்கு. அதுலயும் நீ போடவிடலை."

"முப்பது வருஷமா பெத்த புள்ள பேரை வாய்தவறிக்கூடச் சொல்லாத மனுஷன். செத்தப்புறம் மட்டும் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படுக்கணுமா? வேண்டாம்னா வேண்டாம்."

நோல்வென் அப்பாவின் தலைமுடியை நீரால் படிய வாரிவிட்டு வெளியே போனாள்.

அந்தப் பிள்ளையின் பெயர் மாலோ. இந்த வீட்டுக்குள் அதைச் சொல்லலாமா என்று யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை சொல்ல வந்த பிறகு வேறு வழியில்லை.

ஒன்பது வயதில் போனான். அன்று எர்வே அவனைத் தூண்டில் போடப் பேய்வாய்க்குக் கூட்டிப்போனார். அங்கே பாறை பிளந்து கிடக்கும். அந்தப் பிளவுக்குள் கடல் புகுந்து உறுமிவிட்டு வெளியேறும். சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டு எர்வே அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். இந்தப் பக்கம் திரும்பியபோது பையனின் வாளி மட்டும் இருந்தது. எத்தனையோ படகுகள் தேடின. கடல் ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

தேடுவதை நிறுத்திய அன்று சமையலறையில் மைவோன் ஒரு வார்த்தை சொன்னாள். "கூட்டிட்டுப் போனது நீ. கொண்டுவரலை. இனி அவன் பேரு உன் வாயில வரக்கூடாது." எர்வே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆத்திரத்தில் விழுகிற வார்த்தையை எந்தப் புருஷன் வேதவாக்காக எடுத்துக்கொள்வான்? என்றைக்காவது, குடித்துவிட்டாவது, தூக்கத்திலாவது சொல்லிவிடுவார், அப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து அழலாம் என்று மைவோன் காத்திருந்தாள். அவர் குடிக்கவில்லை. தூக்கத்திலும் உளறவில்லை. காத்திருந்து காத்திருந்து அவளுக்கு நெஞ்சு கசந்துவிட்டது. மறந்துவிட்டார், அவ்வளவுதான் என்று முடிவுகட்டினாள்.

எர்வே படகை விற்றார். பழைய சுங்கக் காவலர்கள் நடந்த கடலோரப் பாதையில் முட்செடி வெட்டுகிற வேலையை ஊராட்சி கொடுத்தது. கோடையில் நடக்க வருகிற வெளியூர்க்காரர்களையும் அவரே கூட்டிப்போவார். காவலர்களின் கற்குடில், கடற்பாசி எரித்த குழிகள், நீரூற்றுக் கோயில் என்று காட்டிக்கொண்டே போய்க் கடைசியில் பேய்வாயில் நிறுத்துவார். ஒரு கோடையில் மைவோன் மேட்டு வயலில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பேய்வாயைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. நடுவில் எர்வே கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காற்றோடு சிரிப்புச் சத்தம் வந்தது. என்ன பேச்சு என்று காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் நன்றாக விழுந்தது.

பிள்ளை செத்த இடத்தில் நின்று ஊரானைச் சிரிக்கவைக்கிறார். அன்று இரவு அவருக்குச் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு, மகளின் பழைய அறையில் போய்ப் படுத்தாள். பிறகு அங்கேதான் படுத்தாள். எர்வே ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அடக்கத்தன்று தூறல். ஆகஸ்ட் கடைசி என்றாலும் கடல் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. கோயிலில் ஊர்க்காரர்களுக்குப் பின்னால் இருபது பேர் போல நின்றார்கள். மழைச்சட்டையும் நடைப் பூட்சுமாக வந்திருந்தார்கள். வரிசையில் வந்து, புனித நீரில் தோய்த்த தழைக்கொத்தால் பெட்டியின் மேல் அவர்களும் தெளித்தார்கள். ஒருத்தர் அழுதுகொண்டே தெளித்தார்.

"யாருடி இவங்கல்லாம்?"

"நடக்க வர்றவங்க," என்றாள் லெயோனி. ஜெபப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குழியில் இறக்கி முடித்ததும் எல்லோரும் ஊர்க்கூடத்துக்கு வந்தார்கள். காபி, ஆப்பிள் மது, லெயோனி சுட்ட வெண்ணெய்க் கேக். எர்வே உயிரோடு இருந்தால் அந்தக் கேக்கில் பாதியை முடித்திருப்பார் என்று யாரோ சொன்னதும் சிரிப்புக்கூட வந்தது. அப்போது பூட்ஸ் போட்ட ஒரு பெண் கையில் காபிக் கோப்பையோடு மைவோனிடம் வந்தாள். நரைத்த குட்டை முடி, ஆசிரியை போலத் தெளிவான குரல்.

"மதாம், என் பேரு மிரெய். லீல் நகரத்துல இருந்து ஒவ்வொரு கோடையும் வர்றோம். எங்களுக்கு ஒரு ஆசை. கிளம்புறதுக்கு முன்னாடி பேய்வாய்க்குப் போய் ஒரு தடவை கூப்பிட்டுட்டு வரலாம்னு. உங்களைக் கேட்காம போனா நல்லா இருக்காது."

"யாரைக் கூப்பிடணும்?"

"அந்தப் பையனைத்தான்."

மைவோன் புருவத்தைச் சுருக்கினாள். மிரெய் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாத கதையா? கடலுக்கடியில தூங்குற பையன். கோடைக்குக் கோடையாவது யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அவனுக்குத் தன் பேரே மறந்துபோயிடும்பார் உங்க வீட்டுக்காரர். சத்தம் பத்தலைன்னா விடமாட்டார். 'காலையில சாப்பிட்டீங்களா இல்லையா? பட்டணத்துக்காரங்களுக்குத் தொண்டையே கிடையாதா?'ம்பார். நாங்க சிரிச்சுக்கிட்டே கத்துவோம்."

"என்ன பேர் சொல்லி?"

"மாலோ."

கூடத்தில் அங்கங்கே இருந்த பேச்சு அடங்கிவிட்டது. இந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருத்தி, காபிக் கோப்பையோடு வந்து, அதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மைவோன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் சொன்னாரா? அவர் வாயால சொன்னாரா?"

மிரெய் யோசித்தாள். "இல்லை மதாம். அதுதான் வேடிக்கை. அவர் மட்டும் சொல்லவே மாட்டார். பையில ஒரு சின்ன சிலேட்டு வெச்சிருப்பார். அதுல எழுதியிருக்கும். அதைத் தூக்கிக் காட்டுவார், நாங்க படிச்சுட்டுக் கூப்பிடுவோம். நீங்க ஏன் கூப்பிடலைன்னு ஒரு தடவை கேட்டேன். எனக்கு அனுமதி இல்லைன்னார். அதுவும் கதையில ஒரு பகுதின்னு நினைச்சோம்."

நோல்வென் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். மைவோன் அவளைப் பார்க்கவில்லை. லெயோனியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

லெயோனி கேக் வெட்டிய கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஊருக்கே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையேடி என்கிட்ட."

"அந்தப் பேரைச் சொல்லாம அதை எப்படிச் சொல்றது? சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை வாசலோட நிறுத்தியிருப்பே."

நிறுத்தித்தான் இருப்பாள். அது மைவோனுக்கே தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "மடையன்," என்றாள். "சண்டையில சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டானே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மீறியிருந்தா என்னடா உனக்கு?" நோல்வென் பிறந்த பிறகு அவள் அவரை 'டா' போட்டதில்லை. இப்போது அதைக் கேட்க அவர் இல்லை. கல்யாணமான புதிதில் அழுதது போல வாய்விட்டு அழுதாள். லெயோனி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

மிரெய் பயந்துபோய் நின்றாள். "மன்னிச்சுக்குங்க மதாம். எங்களுக்குத் தெரியாது. நாங்க போகலை."

"போகாம என்ன?" மைவோன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என் மேல்கோட்டை எடு நோல்வென்."

"அம்மா, மழை பெய்யுது. இந்தச் செருப்போட வழுக்கும்."

"உங்கப்பா போட்ட பாதைதானே. வழுக்காது."

அந்தப் பாதையில் அவள் முப்பது வருஷமாகக் கால் வைத்ததில்லை. இரண்டு பக்கமும் முட்செடிகள் இடுப்புக்கு மேல் வளராமல் சீராக வெட்டப்பட்டிருந்தன. சரிவு வரும் இடத்திலெல்லாம் தட்டைக் கற்களைப் பதித்துப் படி கட்டியிருந்தது. படியின் உயரம் குறைவு, பெண்பிள்ளைகளும் வயதானவர்களும் ஏறுகிற அளவு. ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பூட்ஸ்காரர்களும் அவளோடு நின்றார்கள். யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை.

"அந்தக் கல்லு," என்றாள் மகளிடம். "ரெண்டு பேர் எழுத இடம் இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்பா பேருக்குக் கீழே போடச் சொல்லாதே. பக்கத்துல போடச் சொல்லு."

நோல்வென் தலையசைத்தாள்.

பேய்வாய் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னது. மனதுக்குள் அது ஊரையே விழுங்குகிற பள்ளமாக வளர்ந்திருந்தது. இங்கே பார்த்தால் ஒரு மாட்டுவண்டி திரும்பும் அகலம்தான். விளிம்பிலிருந்து தள்ளி ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டி யாரையும் விடமாட்டார் என்றும், குழந்தைகள் இருந்தால் அவரே கையைப் பிடித்துக்கொள்வார் என்றும் மிரெய் மெதுவாகச் சொன்னாள். கீழே தண்ணீர் உள்ளே போய் இருட்டில் மோதி, நுரையோடு திரும்பி வந்தது.

எல்லோரும் கயிற்றோரம் வழக்கமான இடங்களில் போய் நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது. மிரெய் மைவோனைப் பார்த்தாள். மைவோன் சரி என்பது போலக் கையைக் காட்டினாள்.

"மாலோ..."

இருபது தொண்டைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெயர் பாறைக்குள் இறங்கி, தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து கொஞ்சம் தாமதமாக மேலே வந்தது. பிறகு அலை மட்டும் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒரு கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

"இருங்க," என்றாள் மைவோன். "ஒரு தடவை கூப்பிட்டா அவன் என்னிக்குமே வரமாட்டான். விளையாட்டு மும்முரத்துல காதுல விழாது. இன்னொரு தடவை கூப்பிடணும்."

அவர்கள் பழையபடி வந்து நின்றார்கள். மைவோன் தலையில் கட்டியிருந்த துணியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கயிற்றோரம் காலியாக இருந்த இடத்துக்குப் போனாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.