பல்தேவ் அங்கிளின் வாடிக்கையாளர்கள்

விடியும் முன்பே வெங்காயம் வந்துவிடும். பனியில் விறைத்த மூட்டைகளை லாரியிலிருந்து இழுத்துப் பின்வாசல் வழியே உள்ளே போடுவது ஷிஜோ. அவிழ்த்து, அழுகலைப் பொறுக்கி, தோலுரிப்பது ஜஸ்லீனும் நானும். கனடாவின் இந்த பிராம்ப்டனில் பாதிக் கல்யாணங்களுக்குப் பல்தேவ் அங்கிளின் சமோசாதான். அதற்குள் எங்கள் கண்ணீர் இருக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். அழகெல்லாம் ஒன்றுமில்லை, மூக்குச்சளிதான் இருந்தது. துடைக்கக் கை ஓய்ந்தால்தானே.

இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நான் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் பிடிப்பேன். சமூகவியலில் முதுகலை, கடைசி செமஸ்டர். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் பழைய எண்ணெய் வாடை போகாது; வகுப்பில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. புலம்பெயர்ந்தோர் உழைப்பு பற்றிய பாடத்தின்போது ஒருநாள் தூங்கிவிட்டேன். இந்தத் தலைப்பில் ஆர்வம் இல்லையா என்று பேராசிரியை கேட்டார்.

எங்கள் எல்லோருக்கும் மாணவர் விசா; அதில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று அரசு கோடு போட்டிருக்கிறது. கல்விக் கட்டணத்துக்கு அப்படிக் கோடு ஏதும் கிடையாது. கோட்டைத் தாண்டிய நேரத்துக்கு அங்கிள் பாதிக் கூலியைக் கையில் திணிப்பார். “நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான் பேட்டா” என்பார். மகனே, மகளே என்று குழையும் அந்தப் ‘பேட்டா’வைக் கேட்டாலே எனக்கு எண்ணெய்ப் பிசுக்கில் கை வைத்தது போலிருக்கும்.

சோதனைக்கு யாராவது வந்தால், முன்கடையில் அங்கிளின் மனைவி கல்லாவுக்கு அடியில் இருக்கும் மணியை அழுத்துவார். நாங்கள் ஏப்ரனையும் வலைத்தொப்பியையும் கழற்றி மாவு டிரம்முக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பக்கக் கதவு வழியாக ஓடி முன்கடை மேசைகளில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு தட்டு சமோசா தயாராக இருக்கும். அப்போது நாங்கள் வாடிக்கையாளர்கள். சாப்பிடக் கூடாது, பாவனை மட்டும். அடுக்களையில் அங்கிளின் மருமகன்கள் இருவர் மட்டும் நிற்பார்கள். வந்தவர் போனதும் தட்டுகள் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். ஒருமுறை ஷிஜோ பசி தாங்காமல் ஒரு முனையைக் கடித்துவிட்டான். அங்கிள் கடித்த இடத்தை மாவு வைத்து அடைத்து மறுபடி எண்ணெயில் போட்டார். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி அதை வாங்கிக்கொண்டு போனாள். அங்கிள் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாவு தேய்க்கும் உருளை மெஷினில் நின்றவள் ப்ரமிளா தமாங். நேபாளத்துப் பெண், படிப்பது பொதுச் சுகாதாரம். உருளைக்கு மேலிருந்த இரும்புத் தடுப்பைத் தீபாவளி ஆர்டர் நேரத்தில் அங்கிள் கழற்றினார். தடுப்பு இருந்தால் வேலை ஓடாதாம். மறுபடி மாட்டவே இல்லை. ஒருநாள் அந்த உருளை மாவோடு சேர்த்து அவள் வலது கையையும் இழுத்துக்கொண்டது. ஸ்விட்சை அணைத்தது நான். மாவு சிவப்பாக வெளியே வந்ததை முதலில் பார்த்தவளும் நான்தான். சிவந்த பகுதியை மட்டும் வெட்டி எறியச் சொன்னார் அங்கிள். அதற்குப் பிறகுதான் அவள் கைக்குத் துணி கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ப்ரமிளா, கார் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் கார் கிடையாது. கூடுதல் நேரம் வேலை செய்தது தெரிந்தால் விசா போய்விடுமே என்ற பயம் அவளுக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த மறுநாள் காலை ஜஸ்லீன் அங்கிளை மறித்தாள்.

“இன்னொரு ஆபரேஷன் இருக்காம் அங்கிள். வேலையில அடிபட்டதுன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் அவளுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கும்.”

“எந்த வேலையில? கார் கதவுன்னு அவளே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. என்னைப் பொய் சொல்லச் சொல்றியா பேட்டா?”

“சேச்சே, நீங்க பொய் சொல்வீங்களா?” என்றான் ஷிஜோ. “நா கடிச்ச சமோசாவுக்குத் தெரியாதா உங்க நேர்மை.”

“வாயக் கொறைடா. உன் எடத்துக்கு வெளிய வரிசையில நிக்கிறானுங்க.” உடனே குரலைக் குழைத்தார். “உங்களுக்கெல்லாம் நான் அப்பா மாதிரி. அப்பா மேல யாராவது புகார் குடுப்பாங்களா?”

“எங்கப்பா என் எச்சில ஊருக்கு வித்ததில்ல” என்றாள் ஜஸ்லீன்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். “நீ புத்திசாலி. கடைசி செமஸ்டர் வேற. நீ எதையும் பாக்கலதானே? நல்லபடியா பட்டம் வாங்கு.” ஒரு லட்டை எடுத்து என் வாயில் ஊட்ட வந்தார். அவருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால், பார்த்தேன் என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று வகுப்பு முடிந்து, நாங்கள் நால்வரும் குடியிருக்கும் நிலவறைக்குப் போனேன். ப்ரமிளா இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

“தீதி,” என்றாள்; அவள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “நீ போய் யார்கிட்டயும் சொல்ல வேணாம், உன் படிப்பு போயிடும். ஆனா என்கிட்டயாவது சொல்லு, அது நடந்துச்சுதானே? சில நேரம் கார் கதவுதானோன்னு எனக்கே தோணுது.”

மறுபடி எண்ணெய்ப் பிசுக்கில் கை வைத்தது போலிருந்தது எனக்கு. இந்த முறை அங்கிளை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

“தொழிலாளர் துறைக்கு நான் போன் பண்ணிட்டேன்” என்றாள் ஜஸ்லீன். “எப்ப வேணா வருவாங்க.”

“நம்ம விசா?” என்று கேட்டேன்.

“போனாலும் போகலாம். நான் கேட்ட இலவச சட்ட உதவி வக்கீலம்மாவே உறுதியா எதுவும் சொல்லல. ஒருத்தி மட்டும் சொன்னா அவ பொய்க்காரி. நாலு பேரும் சேந்து சொன்னா?”

“நாலு பொய்க்காரங்க” என்றான் ஷிஜோ. ப்ரமிளாதான் முதலில் சிரித்தாள். அதற்கப்புறம் யாரும் விசாவைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெங்காய மூட்டை பாதி காலியாகியிருந்தபோது மணி அடித்தது. என் கை தானாகவே ஏப்ரன் முடிச்சுக்குப் போனது. உடம்புக்கு அப்படிப் பழக்கியிருந்தார்கள். ஜஸ்லீன் தோலுரிப்பதை நிறுத்தவில்லை. ஷிஜோ மூட்டையின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தான். ப்ரமிளாவின் இடத்துக்கு வந்திருந்த புதுப்பெண் எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“எந்திரிங்க, எந்திரிங்க. தட்டு வச்சாச்சு” என்று அங்கிள் ஓடி வந்தார். நான் முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.

பனி ஒட்டிய பூட்ஸோடு ஒரு பெண் அதிகாரி உள்ளே வந்தார். “இவங்க யாரு?”

“கஸ்டமருங்க மேடம். கிச்சன் சுத்தமா இருக்கான்னு பாக்க வந்தாங்க.”

அதிகாரி என் வலைத்தொப்பியைப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தையும் பார்த்தார்.

“நாங்க இங்க வேலை செய்றோம்” என்றேன். “ப்ரமிளாவும் இங்கதான் வேலை செஞ்சா. அந்த மெஷின்லதான் அவ விரலு போச்சு. நான் பாத்தேன்.”

“நானும்” என்றாள் ஜஸ்லீன். “நானும்” என்றான் ஷிஜோ. புதுப்பெண் உருளையை நிறுத்திவிட்டு, தடுப்பு இருந்த இடத்தில் வெறுமனே கிடந்த திருகு ஓட்டைகளை மாவுக் கையால் தொட்டுக் காட்டினாள்.

அதிகாரி எங்கள் பெயர்களைக் கேட்டார். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகும், எதற்கும் இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றார். முன்கடையில் தட்டுகளில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது. என் பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் ப்ரமிளாவுக்குப் போன் போட்டேன்.

“நடந்துச்சு ப்ரமிளா. கார் கதவு இல்ல. எல்லாரும் சொல்லிட்டோம்.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அந்தம்மாவ இருக்கச் சொல்லு தீதி” என்றாள். “நானும் வரேன்.”